பத்துப் படி ஏணி

அந்த மேடத்தோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கள் முதலில் கிளியைத்தான் கேட்பார்கள். "கிளி எங்கம்மா, வூட்லயே வுட்டுட்டு வந்துட்டியா?" கையில் இரண்டடி உயரத்துக்கு ஒரு மர ஏணி, தோளில் துணிப்பை, பைக்குள் படம் போட்ட அட்டைகள். கிளி ஜோசியம் என்று நினைத்தால் அவர்கள் மேல் தப்பில்லை. ஒருநாள் அரூரில் தீர்த்தமலைக்குப் போகிற கூட்டத்தோடு மாட்டிக்கொண்டோம். ஒரு அம்மாள் ஏணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்னா வேண்டுதல்ங்க? பையனுக்கு வேலையா?" என்றாள். மேடம் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இல்லீங்க, சர்வே" என்றார். அதுவும் ஏதோ சாமி பெயர் என்று நினைத்தாளோ என்னவோ, அந்த அம்மாள் இன்னொரு தடவை ஒற்றிக்கொண்டாள்.

எண்பதுகளின் நடுவில் அந்த ஏணியோடு நானும் ஊர் ஊராக அலைந்தேன். வெளியூர் மருத்துவக் கல்லூரி ஒன்று எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் கணக்கெடுப்பு நடத்தியது. வழக்கமாக வருகிறவர்கள் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். இவர்கள் கேட்டது வேறு. கண் தெரியாமல் வாழ்வது, மூச்சு இழுத்துக்கொண்டே வாழ்வது, கால் இல்லாமல் வாழ்வது, இதெல்லாம் எவ்வளவு மோசம் என்று மக்கள் நினைக்கிறார்கள்? சாவுக்குப் பூஜ்யம், ஒரு குறையும் இல்லாத உடம்புக்கு நூறு. நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவரும் மார்க் போட வேண்டும். எந்த வியாதிக்கு முதலில் செலவு செய்வது என்று முடிவு பண்ண அது உதவும் என்றார்கள். மேடம்தான் சூப்பர்வைசர். நான் கூடப் போகிற ஆள். பெயர் ஸ்டெல்லா, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமம், பன்னிரண்டாவது பாஸ், வாய் கொஞ்சம் நீளம். அந்த வேலைக்கு அவ்வளவு போதும்.

மேடத்துக்கு நாற்பது வயது இருக்கும். ஓசூர்ப் பக்கம், அப்போது அதுவும் எங்கள் மாவட்டம்தான். வீட்டில் கன்னடம். கழுத்து திரும்பாது. எங்கள் மண்ணில் சில கிணற்றுத் தண்ணீர் அப்படி. குடிக்கக் குடிக்கப் பல்லில் காவி ஏறும், சிலருக்குப் பல்லோடு நிற்காமல் எலும்பிலும் இறங்கி இறுக்கிவிடும். மேடத்துக்குக் கழுத்தில் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் இடுப்பிலிருந்து முழு ஆளாகத் திரும்புவார். அப்படித் திரும்பிவிட்டார் என்றால் எதிரில் இருப்பவர் தப்பிக்க முடியாது.

கண்டக்டர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வார்கள். கழுத்து விறைத்து நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்ததும் அவர்களுக்கு என்ன தோன்றுமோ, குனிந்து என்னிடம் கேட்பார்கள்: "இந்தம்மாவுக்கு எங்க டிக்கெட்டு?" நான் வாயைத் திறப்பதற்குள் மேடம் திரும்புவார். "இந்தம்மா இங்கதாங்க இருக்கேன். என்னையே கேளுங்க." குரலில் கோபம் துளிகூட இருக்காது. அதுதான் கண்டக்டரை இன்னும் தடுமாற வைக்கும். சில்லறையைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று மேடமே பொறுமையாகச் சொல்லுவார்.

அவருடைய பிடிவாதம் அது ஒன்றுதான். ஒருவருக்காக இன்னொருவர் பதில் சொல்லக்கூடாது. இதைக் கேட்டால் நல்ல குணமாகத்தான் தெரியும். கூட வேலை செய்து பார்த்தால்தான் தெரியும் அது என்ன இம்சை என்று. டீக்கடையில் "மூணு டீ" என்று நான் சொல்லிவிடக்கூடாது. பஸ் போகாத ஊர்களுக்குக் கல்லூரி ஜீப் வரும், அதன் டிரைவருக்கு டீ வேண்டுமா என்று டிரைவரைக் கேட்க வேண்டும், சர்க்கரை எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். அவர் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிக் கேட்க வேண்டும். பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஒரு டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்தாலே பாய்லருக்குப் பின்னால் போய்விடுவார். "அந்தம்மா வந்தா ஒரு டீக்கு ஒரு பஞ்சாயத்துங்க" என்று அவர் பக்கத்துக் கடையில் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதாலேயே கேட்டேன்.

முதலில் ஏணி கிடையாது. கல்லூரியிலிருந்து அச்சடித்து வந்தது ஒரு தெர்மாமீட்டர் படம். கீழே பூஜ்யம், மேலே நூறு. வெளிநாட்டில் அப்படித்தான் கேட்கிறார்களாம். நாங்களும் கொண்டுபோய் விரித்தோம். மக்கள் டக் டக்கென்று விரல் வைத்தார்கள். அடடா, என்ன சுலபமான வேலை என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் கழித்து, ஏர் ஓட்டிவிட்டு வந்த ஒரு ஆள், வாட்டசாட்டமான ஆள், "உங்க உடம்பு இன்னிக்கு எங்க இருக்குதுங்க?" என்று கேட்டதற்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டுச் சிரித்தார். பூஜ்யம் என்றால் சாவு ஆயிற்றே என்றேன்.

"அதெப்புடிம்மா? ஜொரம் ஏறுனாத்தான மேல போவும்? எனக்கு ஜொரமே இல்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. எல்லாருக்கும் தெர்மாமீட்டர் தெரியும், ஆஸ்பத்திரியில் நாக்குக்கடியில் வைப்பார்கள், ஏறினால் ஆபத்து. அதனால் மோசமான வியாதியையெல்லாம் உச்சியில் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரத்து வேலை தலைகீழ். சிலர் நாங்கள் சொன்னபடியும் வைத்திருப்பார்கள். யார் எப்படி வைத்தார்கள் என்று இனிமேல் எப்படிக் கண்டுபிடிப்பது? "திருப்பிப் போட்டுக்கலாம் மேடம், பாத்தாலே தெரியுதே" என்றேன். மேடம் இடுப்போடு திரும்பினார். "நாம எப்புடிங்க திருப்பிப் போடறது? அவங்க வெச்சது." எல்லா வீட்டுக்கும் மறுபடி நடந்தோம். என் கால் வீங்கியது எனக்குத்தான் தெரியும்.

அப்படி மறுபடி நடக்குமுன் பாப்பாரப்பட்டியில் ஒரு ஆசாரியிடம் அந்த ஏணியைச் செய்ய வைத்தார். பத்துப் படி, ஒரு படிக்குப் பத்து மார்க். ஏணி நிற்கிற தரைதான் சாவு. ஒரு டிராயிங் மாஸ்டர் வரைந்து கொடுத்த அட்டைகள், அட்டையைப் படியில் மாட்ட துணி காயப்போடுகிற மர கிளிப். கல்லூரிக்காரர்கள் பார்த்துவிட்டு, நன்றாயிருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஊர்க்காரர்கள் மேடத்துக்கு ஏணிக்காரம்மா என்று பேர் வைத்தார்கள். ஏணியிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. ஒரு பாட்டி தன் உடம்பை எட்டாவது படியோடு நிறுத்திக்கொண்டாள். பத்தாவது படியில் நின்றால் கண்ணைக் கட்டுமாம். சரி, அதுவும் அவள் ஏணி.

ஒவ்வொரு அட்டையையும் மாட்டி முடித்ததும் மேடம் "ஆய்த்து" என்பார். கன்னடத்தில் முடிந்தது என்று அர்த்தம். எங்கே வைத்தாலும் ஒரே குரலில் ஆய்த்து. நல்லது, கெட்டது, அப்படியா, ஐயோ, எதுவும் வராது. புருவம்கூட ஏறாது. எத்தனையோ தடவை ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பெண்டாட்டியைக் கேட்டால் புருஷன் முன்னால் வந்து நிற்பான். "அவளுக்கு என்னாங்க தெரியும், நான் சொல்றேன், எழுதிக்கங்க." மேடம் மரியாதை குறையாமல், "உங்க ஏணி ஆய்த்துங்க. இது அவங்க ஏணி" என்பார். அப்புறம் பேச மாட்டார். அந்தப் பெண் முந்தானையை முறுக்குவாள், அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள், ஆட்டை மாற்றிக் கட்டிவிட்டு வருவாள், "நீங்களே எதுனா போட்டுக்கங்கம்மா" என்பாள். மேடம் உட்கார்ந்தே இருப்பார். எங்கள் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விடும். எனக்கு வயிறு எரியும். கடைசியில் அந்தப் பெண் ஒரு அட்டையை எடுத்து, மெதுவாக, தானே ஒரு படியில் மாட்டுவாள். மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பாள். அதுவரைக்கும் அவளை யாரும் எதையும் கேட்டதில்லை போல. அதைப் பார்க்கும்போது மட்டும் பஸ் போனது எனக்கு மறந்துபோகும்.

அட்டைகளில் ஒன்று கழுத்து திரும்பாத பொம்பளை. அதை எடுக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். பார்க்கிற ஜனம் அட்டையைப் பார்க்கும், மேடத்தைப் பார்க்கும், மறுபடி அட்டையைப் பார்க்கும். முகத்துக்கு அஞ்சிச் சிலர் உயரமாக வைப்பார்கள். பலர் பளிச்சென்று இரண்டாவது படி, மூன்றாவது படி. சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு ஆயா முதல் படியில் மாட்டிவிட்டு, மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னயச் சொல்லல கண்ணு" என்றாள். மேடம், "ஆய்த்துங்க" என்றார். வெளியே வந்ததும் நான் அடக்க மாட்டாமல் கேட்டேன்.

"வலிக்கலீங்களா மேடம்?"

"எது, கழுத்தா?"

"வெளையாடாதீங்க. அவங்க வெக்கிறது."

"அவங்களுக்கு இந்தக் கழுத்து இல்லீங்க ஸ்டெல்லா. இல்லாதவங்க பயத்துல வெக்கிறாங்க. பயமும் கணக்குதான்." அப்படிச் சொல்லிவிட்டு டிரைவருக்கு டீ வேண்டுமா என்று கேட்கப் போய்விட்டார். அவர் என்றைக்கும் எல்லாரையும் நீங்க என்றுதான் கூப்பிடுவார். மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்கிற பொடிசுகளையும் சேர்த்து.

என் வீட்டுக்காரர் பெயர் சவரி. இந்த வயதில் சொன்னால் ஒன்றும் ஆகிவிடாது. எங்களுக்கு நிலம் கொஞ்சம்; மாமியார், சவரியின் அண்ணன் எல்லாருமாகச் சேர்ந்து பாடுபடுவோம். புளி சீசனில் சவரியை விட்டால் ஆள் இல்லை. ரோட்டோரத்துப் புளியமரங்களை ஏலம் எடுத்தவர்கள் வீடு தேடி வந்து கூப்பிடுவார்கள். கிளை நுனிக்குப் போய் நின்று உலுக்குவார். கீழே நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவேன், அவர் மேலே இருந்து என்னைக் கேலி பண்ணுவார்.

ஒரு சாயங்காலம் மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சவரிக்கு ஏணி மேல் ஆசை வந்துவிட்டது. என்னையும் கேளுங்க என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருடைய அண்ணனும் மாமியாரும் வேடிக்கை பார்த்தார்கள். கண் தெரியாத ஆளை நாலாவது படியில் வைத்தார். இருமுகிற ஆளை ஐந்தில் வைத்தார். ஒற்றைக்கால் ஆள் அட்டை வந்தது. கிளிப்பே மாட்டவில்லை, தரையில் சொத்தென்று போட்டார்.

"இவன் செத்தவன்ங்க. மரம் ஏறாதவன் என்னாங்க ஆளு?"

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். மேடம் "ஆய்த்து" என்றார். காபி குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அடுத்த சீசன் தொடக்கத்தில் சவரி விழுந்தார். காய்ந்த கிளை. உயிருக்கு ஒன்றுமில்லை, வலது பாதம் நசுங்கியது. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் மூங்கில் வைத்து இறுக்கிக் கட்டினார். வலிக்கிறது வலிக்கிறது என்று மனுஷன் கத்தினார். கட்டு போட்டால் வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். பிரித்துப் பார்த்தபோது விரலெல்லாம் கறுத்து நாற்றம் வந்துவிட்டது. தர்மபுரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தள்ளிப் போடப் போட விஷம் மேலே ஏறும், அப்புறம் ஆளே மிஞ்ச மாட்டார் என்றார். நாளைக் காலைக்குள் சொல்லச் சொன்னார்.

சொல்லச் சொன்னது யாரை? கட்டிலைச் சுற்றி நின்ற எங்களை. மாமியார் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு அழுதார். "காலு இல்லாத புள்ளைய வெச்சிக்கிட்டு நான் எங்கடி போவேன்? வூட்டுக்கே எடுத்துட்டுப் போயிரலாம். மாதா வெச்சது வெக்கட்டும்." அண்ணன் கெட்டவர் இல்லை. தம்பி மேல் உயிர். அதனால்தான் பிடிவாதமாக நின்றார்.

"அவன் மனசு எனக்குத் தெரியும். ஒத்தக்காலோட அவன் ஒருநாள் இருக்க மாட்டான். அன்னிக்கு அந்தம்மா ஏணியில அவனே சொன்னானே, காலு போனவன் செத்தவன்னு. அவன் வாயால சொன்னதுங்க டாக்டரு. அதுக்கு மேல என்னா வேணும்?"

அந்த அட்டை தரையில் விழுந்த சத்தம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. ஒருவேளை அதுதான் அவர் மனசோ? காலை எடுக்காவிட்டால் ஆளே போய்விடுவார். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன வாழ்க்கையை நான் எப்படி அவர் தலையில் கட்டுவது? சவரியோ காய்ச்சலில் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தார். எங்கள் சண்டை எல்லாம் அவர் தலைக்கு மேலேதான் நடந்தது.

அன்று மதியம் மேடம் வந்தார். வேலை முடித்து நேராக வந்ததால் கையில் ஏணி. அதைக் கண்டதும் அண்ணனுக்கு வெறியே வந்துவிட்டது, ஆனால் அதையே சாட்சிக்கும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்களே சொல்லுங்கம்மா. அன்னிக்கு இவன் காலு இல்லாதவன எங்க வெச்சான்?"

நான் மேடத்தின் முகத்தையே பார்த்தேன். ஒரு பொய் சொல்லுங்கள், ஞாபகம் இல்லை என்று சொல்லுங்கள், உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தரையிலங்க" என்றார் மேடம்.

மாமியார் பெரிதாக அழ ஆரம்பித்தார். அண்ணன் டாக்டர் அறைப் பக்கம் திரும்பினார். மேடம் அங்கேயே நின்று, அவசரமே இல்லாமல், "இன்னிக்கு எங்க வெக்கிறாருன்னு இன்னும் கேக்கலீங்களே" என்றார்.

"ஒருத்தன் வாக்கு ரெண்டாகுமாம்மா?"

"ஆகலாங்க. அன்னிக்கு இவருக்கு ரெண்டு காலும் இருந்துச்சு. மாத்தணும்னா மாத்தலாம். அவரு ஏணிதானே."

எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். மாமியாரை, அண்ணனை, கடைசியில் என்னையும். "நீங்களும்தாங்க ஸ்டெல்லா." எனக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டினவள் நான், என்னையா போகச் சொல்கிறாய் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. சவரி கண்ணைத் திறந்து ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏணியை அதன்மேல் நிறுத்தினார். முதலில், இப்போது கட்டிலில் கிடக்கிற இந்த உடம்பு எங்கே என்று கேட்டார். சவரி ஒரு வெறும் கிளிப்பை வாங்கி முதல் படியில் மாட்டினார். அப்புறம் அந்த ஒற்றைக்கால் அட்டையை மேடம் அவர் மார்பில் வைத்தார். வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

வார்டில் டீ விற்கிற ஆள் வந்தான், போனான். பக்கத்துக் கட்டில்காரர் ஏதோ சொல்ல வந்தார். மேடம் கையை உயர்த்தியதும் அடங்கிவிட்டார். சவரி அட்டையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். இத்தனை நாள் மேடம் காத்திருந்ததற்கெல்லாம் நான் பல்லைக் கடித்திருக்கிறேனே, அன்று அவர் காத்திருந்தது ஒன்றுதான் எனக்கிருந்த துணை. வேறு யாராக இருந்தாலும் பாதியில் ஆறுதல் சொல்லிக் கெடுத்திருப்பார்கள்.

கடைசியில் சவரி பேசினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"மரம் ஏற முடியாதுங்க. கீழ குந்திக்கிட்டு புளி தட்டலாம், இல்லீங்களா?"

மேடம் பதில் சொல்லவில்லை. சவரியும் அதற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை போல. கையை நீட்டி அட்டையை ஐந்தாவது படியில் மாட்டினார். கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. மேடம் உதவிக்குப் போகவில்லை. அவரே இரண்டாவது தடவை மாட்டினார். அப்புறம் கேட்டார்.

"ஸ்டெல்லா என்கூட இருப்பாளாங்க?"

வேறு எவராக இருந்தாலும், "இருக்காம எங்க போவா" என்று சட்டென்று சொல்லியிருப்பார்கள். நோயாளியிடம் அதைச் சொன்னால் குறைந்தா போய்விடுவோம்? மேடம் அதையும் சொல்லவில்லை. "அத அவங்களைத்தாங்க கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, முழு ஆளாக வாசல் பக்கம் திரும்பி, "ஸ்டெல்லா, உங்களை ஒண்ணு கேக்கணுமாங்க" என்றார்.

நான் உள்ளே போனேன். சவரி கேட்கவில்லை, பார்த்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "நீங்க புளி தட்டுனா கொட்டை எடுக்கறதுக்கு ஆள் வேணாமா? நான் எங்க போறேன்? என்னா கேள்வி இது?" என்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சவரி கிளிப்பைக் கழற்றி ஆறாவது படிக்கு ஏற்றினார்.

"ஆய்த்து" என்றார் மேடம். அன்றைக்கு மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் பிசிறடித்தது. நான் கேட்டேன், சத்தியமாக.

சவரியே டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார், அவரே கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஒரு மாதம் மேடத்தின் பெயரைச் சொன்னாலே எழுந்து போய்விடுவார். அப்புறம் ஒருநாள் அவராகவே ஒரு வேப்பங்கட்டையைச் செதுக்கித் தம்பிக்கு ஊன்றுகோல் செய்துகொண்டு வந்து, யாரிடமும் ஒன்றும் பேசாமல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

கணக்கெடுப்புக்கு இரண்டாவது சுற்று என்று ஒன்று இருந்தது. முன்பு கேட்ட ஆட்களையே மறுபடி கேட்க வேண்டும். அதை முடித்துக்கொண்டு மேடம் எந்த ஊருக்கோ போய்விட்டார், அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. நான் சொல்ல வந்தது அந்தச் சுற்றில் எங்கள் வீட்டு முறை வந்த நாள்.

புளி குவியல் நடுவில் சவரி உட்கார்ந்திருந்தார், கையில் தட்டுகிற கட்டை. அண்ணன் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். மேடம் ஏணியை நிறுத்தினார். கண் தெரியாத ஆள் போன தடவை நாலில் இருந்தவன் இப்போது ஏழுக்குப் போனான். ஒற்றைக்கால் அட்டையை சவரி யோசிக்கவே இல்லை, ஒன்பதாவது படியில் மாட்டினார். மேடம் ஆய்த்து என்றார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "பத்துல வெக்கிறதுதான?" என்றேன்.

"பத்துல வெச்சா நாளைக்கே மரத்துல ஏறுடான்னுவாரு இவரு" என்றார் சவரி, அண்ணனைக் காட்டி. அண்ணன் சிரித்துவிட்டார். மேடமும் சிரித்தார். அவர் சிரித்தால் காவிப் பல் எல்லாம் தெரியும், மறைக்கவே மாட்டார்.

அப்போதுதான் சவரி துணிப்பைக்குள் கையை விட்டு, கழுத்து திரும்பாத பொம்பளை அட்டையை எடுத்தார். அதை மேடத்தின் கையில் கொடுத்தார்.

"ஊர்ல இருக்கற அத்தினி பேரையும் கேட்டீங்க. நீங்க வெச்சு நான் பாக்கலீங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னாங்க இது, மேடத்தப் போயி. அதெல்லாம் அவங்க வெக்க மாட்டாங்க" என்று நடுவில் விழுந்தேன்.

"நீ சும்மா இரு ஸ்டெல்லா. அவங்களைத்தான கேட்டேன்."

மேடம் கையில் அட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளிப்பை அழுத்துவதும் விடுவதுமாக இருந்தார். அந்த மாதிரி அவரை நான் பார்த்ததே இல்லை. முந்தானையை முறுக்கிக்கொண்டு நிற்பார்களே அந்தப் பெண்கள், அவர்களில் ஒருத்தியாகத் தெரிந்தார். சவரி புளிக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அண்ணனும் மூட்டையை விட்டுவிட்டார். ரோட்டில் அரூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அது மேடம் போக வேண்டிய பஸ். யாரும் எழுந்திருக்கவில்லை.

அவர் முதலில் ஐந்தில் மாட்டினார். கழற்றினார். ஏழில் வைத்துப் பார்த்தார். அப்புறம் எட்டாவது படியில் மாட்டி, கிளிப் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"ரெண்டு படி கம்மி" என்றார் சவரி.

"ஒரு படி கழுத்துக்குங்க" என்றார் மேடம். "இன்னொரு படி, எங்கழுத்தப் பாத்துட்டு, என்னையக் கேக்காம பக்கத்துல இருக்கறவங்களக் கேக்கறாங்களே, அதுக்கு."



சவரி தலையை ஆட்டினார். நல்லது என்றோ, ஐயோ என்றோ சொல்லவில்லை, புருவம்கூட ஏறவில்லை.

"ஆய்த்துங்க" என்றார்.